டால்படில்: ஊர்ப் பெயரும் அதன் பின்கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தெற்கே டார்செட் மாவட்டத்தில் டால்படில் என்று ஒரு சின்ன கிராமம். தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்கு, சங்கம் வைத்த ஆறு விவசாயக் கூலிகளை நாடுகடத்திய 1834 வழக்கு வழியாக இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும், அடுத்து இது என்ன பெயர் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் ஆரம்பித்து வழக்கமாகக் கேட்கப்படுகிற எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது? பெரிய ஊரா?

டார்செட்டின் தலைநகரான டார்செஸ்டரிலிருந்து கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர். மக்கள்தொகை 400 சொச்சம், அவ்வளவுதான். ஒரு தேவாலயம், ஒரு பப், ஓலைக்கூரை போட்ட பழைய வீடுகள், ஒரு அருங்காட்சியகம், பக்கத்திலேயே ஓடும் ஒரு சிற்றாறு. முன்பெல்லாம் நெடுஞ்சாலை ஊருக்கு நடுவிலேயே போகும். 1990களின் கடைசியில் புறவழிச்சாலை போட்டதிலிருந்து ஊர் அமைதியாகிவிட்டது, வண்டிகள் விர்ரென்று வெளியிலேயே போய்விடுகின்றன.

பெயரை எப்படிச் சொல்வது?

டால்-படில். முதல் அசையில் அழுத்தம். "படில்" என்பதில் வரும் ட மெல்லிய ட, "பட்டில்" என்று அழுத்திச் சொல்ல வேண்டாம்.

சரி, பெயருக்கு என்ன பொருள்? குட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஆங்கிலத்தில் படில் என்றால் மழை பெய்து தேங்கிய குட்டை, டோல் என்றால் சுங்கம். இரண்டையும் சேர்த்து "சுங்கச்சாவடிக் குட்டை" என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். ஊர்ப் பெயர்களை இன்றைய எழுத்தை வைத்துப் பிரித்துப் பார்ப்பது எப்போதுமே ஆபத்து.

"படில்" என்பது ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர். அந்த ஆற்றுக்கு இன்றும் பிடில் என்றுதான் பெயர் (நாம் வயலினைச் சொல்லும் பிடில் இல்லை, இது ப-வில் ஆரம்பிக்கிற பிடில்). பழைய ஆங்கிலத்தில் "பிடெலெ" என்றால் சதுப்பு நிலம், நீர் ஊறிய தாழ்ந்த நிலம். ஆறு போகிற தினுசைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்: ஆல்டன் பான்க்ராஸ் என்ற ஊருக்கு அருகே சுண்ணாம்புக் குன்றுகளில் ஊற்றெடுத்து, அவசரமே இல்லாமல் நீர்ப்புல்வெளிகளுக்கு நடுவே நெளிந்து, வேர்ஹம் பக்கம் பூல் துறைமுகத்தில் கலக்கிறது.

முன்பாதியில் இருக்கும் "டால்" ஒரு பெண்ணின் பெயர். டோலா. ஆகவே டால்படில் என்றால் பிடில் ஆற்றங்கரையில் டோலாவுக்குச் சொந்தமான நிலம். மத்தியகால இங்கிலாந்தில் நிலக்காரரின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொள்வது சகஜம், ஆனால் பெரும்பாலும் அது ஆண் பெயராகத்தான் இருக்கும். பெண் பெயர் தாங்கிய ஊர்களும் உண்டு என்றாலும் எண்ணிக்கையில் குறைவு.

அந்த டோலா யார்?

இந்த ஊர்ப் பெயர் பற்றிய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொதுவாக இப்படிப்பட்ட பெயர்களில் வரும் ஆட்கள் பெயரோடு சரி, வேறு எந்தத் தகவலும் கிடைக்காது. டோலா விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்.

11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னர் கனூட்டின் படைவீரர்களில் ஒருவன் ஓர்க். அர்க் என்றும் எழுதுவார்கள். மன்னரின் அரண்மனையோடு சேர்ந்த வீரன், டார்செட்டில் நிறைய நிலம் அவனுக்குக் கிடைத்தது. அவன் மனைவிதான் டோலா. பெயரே ஸ்காண்டிநேவியப் பெயர். கணவனும் மனைவியும் சேர்ந்து டார்செட் கடற்கரையில் ஆபட்ஸ்பரி என்ற இடத்தில் ஒரு துறவியர் மடத்தைக் கட்டினார்கள். ஓர்க் இறந்த பிறகு, கனூட்டுக்குப் பின்னாளில் ஆண்ட மன்னர் எட்வர்ட், விதவையான டோலா தன் நிலங்களை அந்த மடத்துக்கு எழுதிவைக்கலாம் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். அப்படி மடத்துக்குப் போன நிலங்களில் ஒன்று பிடில் கரையில் இருந்த இந்த நிலம். 1086இல் நார்மானியர்கள் (1066இல் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள், பிரெஞ்சு பேசியவர்கள்) நாடு முழுக்க நிலக்கணக்கு எடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில் இது ஆபட்ஸ்பரி மடத்தின் சொத்தாகவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, 1086 பதிவில் ஊரின் பெயர் வெறும் "பிடெலெ". டோலாவின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்ட வடிவம் எழுத்தில் தெரிவது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், "டோல்லெபிடெலெ" என்று. அதாவது அவள் இறந்து ஒரு நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின்னும் அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை "டோலாவின் பிடில்" என்றே சொல்லியிருக்கிறார்கள், அது பிறகு எழுத்திலும் ஏறியிருக்கிறது.

ஆபட்ஸ்பரியில் ஓர்க் ஒரு சங்கம் நடத்தியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். ஆபட்ஸ்பரியில் ஓர்க் ஒரு கூட்டமனை கட்டிக் கொடுத்தான், அந்தச் சங்கத்தின் விதிமுறைகள் எழுத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதில் ஒரு விதி: சங்கத்தான் ஒருவன் 60 மைல் தூரத்துக்குள் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தால் 15 பேர் போய் அவனை அழைத்து வர வேண்டும், இறந்துவிட்டால் 30 பேர் போய் உடலைக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் 60 மைல் என்றால் சாதாரணமா? போக வர எத்தனை நாள் நடை, சாப்பாட்டுக்கு யார் செலவு, பதினைந்து பேர் வயல் வேலையை விட்டுப் போனால் வீட்டில் யார் பார்ப்பார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஏறக்குறைய 800 ஆண்டு கழித்து அதே டோலாவின் பெயர் தாங்கிய ஊரில் விவசாயக் கூலிகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஒரு சங்கம் வைத்தார்கள், அதற்காகக் கப்பலேற்றப்பட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரியான சங்கம் என்று சொல்ல வரவில்லை. ஓர்க்கின் சங்கம் நிலமுள்ள பெரியவரின் ஆதரவில், மடத்தின் நிழலில் நடந்தது. 1833 சங்கத்துக்கு அப்படி எந்த நிழலும் இல்லை, எதிரே நின்றவர்களே நிலக்காரர்கள்தான்.

பிடிலா, படிலா? விக்டோரியா ராணிக்காக மாற்றினார்கள் என்பது உண்மையா?

பிடில் என்றால் இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் சிறுநீர் கழிப்பது. அதனால் விக்டோரியா ராணி அந்தப் பக்கம் வந்தபோது மானம் போகக்கூடாது என்று பிடில் என்று பெயர் வரும் ஆற்றங்கரை ஊர்களையெல்லாம் "படில்" ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துவரவில்லை. அதே ஆற்றின் மேல்பகுதியில் பிடில்ஹின்டன், பிடில்ட்ரென்ட்ஹைட் என்று இரண்டு ஊர்கள் இன்றும் எந்த வெட்கமும் இல்லாமல் அதே பெயரில் இருக்கின்றன. ஆற்றின் பெயரும் மாறவில்லை. ராணிக்காக மாற்றியிருந்தால் இவற்றையா விட்டுவைத்திருப்பார்கள்?

நாகரிகக் கூச்சம் கொஞ்சம் வேலை செய்ததென்னவோ நிஜம். அதே ஆற்றங்கரையில் பெரிய ஊரான படில்டவுன் ரொம்ப காலம் பிடில்டவுன் என்றே எழுதப்பட்டு வந்தது. படில்டவுன் என்பதை அரசுமுறையாக உறுதிசெய்ததே 1950களின் பிற்பகுதியில்தான், விக்டோரியா போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. சிறுநீர் என்ற பொருளும் ஆறு பெயர் பெற்றுப் பல நூற்றாண்டு கழித்துத்தான் அந்தச் சொல்லுக்கு வந்தது. ஆகவே ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் எந்தக் கிண்டலும் கிடையாது.

கூச்சப்படுகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது: அதே ஆற்றுக்கு ட்ரென்ட் என்று இன்னொரு பெயர் உண்டு, வரைபடங்களில்கூட இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள்.

ஒரே ஆற்றங்கரையில் இத்தனை பிடில், படில் ஏன்?

1086 பதிவேட்டைத் திறந்தால் பிடில் கரையில் பல நிலங்களுக்கு ஒரே பெயர்தான், எல்லாமே "பிடெலெ". ஆற்றின் பெயரையே நிலத்துக்கும் வைத்துவிட்டார்கள். வரி வசூலிக்கிறவனுக்கு எவ்வளவு தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் போகப்போக ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் சேர்ந்தது.

அஃப்படில் என்பது ஆஃபா என்ற ஆளின் நிலம்; 10ஆம் நூற்றாண்டிலேயே அவன் பெயர் ஒட்டிவிட்டது. பிரையன்ட்ஸ்படில் 14ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த பிரையன் டி டர்பர்வில் என்பவரின் பெயரால். டர்னர்ஸ் படில் என்றதும் கடைசல் பட்டறைக்காரர் யாரோ என்று தோன்றும், இல்லை, அது டோனர் என்ற குடும்பப் பெயர் திரிந்தது. பிடில்ஹின்டன் என்பதில் இருக்கும் "ஹின்" துறவியர் குழாமைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வருகிறது, அதாவது மடத்துக்குச் சொந்தமான பிடில். பிடில்ட்ரென்ட்ஹைட்தான் எல்லாவற்றிலும் வேடிக்கை. பிரெஞ்சில் ட்ரான்ட் என்றால் முப்பது. ஹைட் என்பது வரிக்கணக்குக்கான நில அலகு, ஒரு குடும்பத்தைப் பிழைக்கவைக்கும் நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 ஹைட் வரி விதிக்கப்பட்ட பிடில் என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஆற்றுப் பெயர் பழைய ஆங்கிலம், எண் பிரெஞ்சு, அலகு மறுபடி ஆங்கிலம். நார்மானியர் ஆட்சி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஊரின் பெயர்ப்பலகையே போதும்.

வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். இந்தப் பெயர்களில் எல்லாம் நிலத்தை வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள், மடம் இருக்கிறது, வரிக்கணக்கு இருக்கிறது. உழுதவர்கள் ஒருவர்கூட இல்லை.

1834இல் அங்கே என்னதான் நடந்தது?

டார்செட் விவசாயக் கூலிகளின் வாரக்கூலி ரொம்பக் குறைவு. மற்ற இடங்களில் 10 ஷில்லிங் கொடுக்கிறார்கள், நாங்களும் கொடுக்கிறோம் என்று டால்படில் பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டு, கொடுத்தது 9. பிறகு 8 ஆனது, 7 ஆனது, இனிமேல் 6தான் என்று பேச்சு வந்தது. குடும்பம் நடத்த முடியாத கூலி.

ஊரில் ஜார்ஜ் லவ்லெஸ் என்று ஒரு கூலியாள், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் பிரசங்கம் செய்பவர், தானாகப் படித்து முன்னேறியவர். அவர் தலைமையில் 1833இல் விவசாயக் கூலிகளின் நட்புச் சங்கம் ஆரம்பமானது. கூடினது தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் வீட்டு மாடி அறையில். புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப் போவார்கள், மண்டியிட வைப்பார்கள், கட்டை அவிழ்த்தால் எதிரே ஓர் எலும்புக்கூட்டின் படம் இருக்கும். ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம். இன்றைக்குப் படித்தால் நாடகம் மாதிரி இருக்கும், அந்தக் காலச் சங்கங்களில் இது வழக்கமான சடங்கு.

1834 பிப்ரவரி 24ஆம் தேதி காலையில் லவ்லெஸ் வேலைக்குக் கிளம்பும்போது கைதானார். கூடவே அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், அவர் மகன் ஜான், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். மொத்தம் ஆறு பேர்.

சங்கம் வைப்பது அப்போது குற்றமா?

இல்லை, இதுதான் இந்த வழக்கின் அநியாயமே. தொழிலாளர் கூடுவதைத் தடைசெய்த சட்டங்கள் 1824இலேயே நீக்கப்பட்டுவிட்டன. சங்கம் வைத்தார்கள் என்று வழக்குப் போட முடியாது. அதனால் சத்தியம் வாங்கியதைப் பிடித்துக்கொண்டார்கள். 1797இல் கடற்படையில் கலகம் வந்தபோது, மாலுமிகள் ரகசியச் சத்தியம் செய்து கூட்டுச் சேருவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதைத் தூசி தட்டி எடுத்து, கடற்படையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வயல் கூலிகள் மேல் போட்டார்கள்.

வழக்கை முடுக்கியவர் பக்கத்து மோர்டன் ஊரின் நிலக்காரரும் மாஜிஸ்ட்ரேட்டுமான ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன். உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டுக்கொண்டே செய்தார். மார்ச் மாதம் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் விசாரணை. வழக்கை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியின் தலைவர் மெல்பர்னின் மைத்துனர், அதில் ஃப்ராம்ப்டனும் இருந்தார். இதற்கு மேல் என்ன சொல்ல. எங்களால் எவருடைய பெயருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் கேடு வரவில்லை, பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினியால் சாகாமல் இருக்கத்தான் ஒன்று சேர்ந்தோம் என்று லவ்லெஸ் எழுதிக் கொடுத்தார். ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை.

அப்புறம் அவர்கள் திரும்பி வந்தார்களா?

வந்தார்கள். லவ்லெஸ் உடம்பு சரியில்லாமல் கிடந்ததால் தனியாக இன்றைய டாஸ்மேனியாவுக்கும், மற்ற ஐந்து பேர் நியூ சவுத் வேல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். இதற்கிடையே இங்கிலாந்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1834 ஏப்ரல் 21ஆம் தேதி லண்டனில் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலமாகப் போய் மனு கொடுக்கப் பார்த்தார்கள், மெல்பர்ன் வாங்க மறுத்துவிட்டார். ஆனாலும் விடாமல் நெருக்கியதில் 1836 மார்ச்சில் முழு மன்னிப்பு வந்தது. வந்ததே தவிர, செய்தி போய்ச் சேர்ந்து கப்பல் பிடித்து ஊர் வர ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலம் ஆனது. லவ்லெஸ் 1837இல் வந்தார், ஹாமெட் வந்தது 1839இல்.

வந்தவர்கள் முதலில் எஸெக்ஸ் பகுதியில் குத்தகைப் பண்ணைகளில் இருந்தார்கள். அங்கேயும் சுற்றியிருந்த பெரிய மனிதர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. கடைசியில் ஐந்து பேர் குடும்பத்தோடு கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போய் விவசாயம் பார்த்தார்கள்.

டால்படிலுக்கே திரும்பியவர் ஹாமெட் ஒருவர்தான். சத்தியம் வாங்கிய அன்று அவர் அந்த அறையிலேயே இல்லை, தம்பிக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். கட்டட வேலை பார்த்துப் பிழைத்து, 1891இல் டார்செஸ்டரில் ஏழைகள் விடுதியில் இறந்தார். ஊர்த் தேவாலயத்து முற்றத்தில் அடக்கம். கல்லறைக்குக் கல் வந்தது 1934இல், நூற்றாண்டு விழாவின்போது, சிற்பி எரிக் கில் செதுக்கியது.

மெல்பர்ன் நகரத்துக்கும் இந்த மெல்பர்ன் பிரபுவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதே ஆள்தான். 1834 ஜூலையில் பிரதமரானார். 1837இல் ஆஸ்திரேலியாவில் எழுந்த புதுக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய பட்டப்பெயர் டார்பிஷர் மாவட்டத்தில் மெல்பர்ன் என்ற சிற்றூரில் இருந்த குடும்ப மாளிகையிலிருந்து வந்தது, அந்த ஊர்ப் பெயருக்கு ஆலை ஓடை என்று பொருள். ஓர் ஓடையின் பெயர் ஒரு பிரபு வழியாகப் பெருநகரத்துக்குப் போயிருக்கிறது, அதுவும் அவர் கூலிகளைக் கப்பலேற்றிய அதே கண்டத்தில்.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

லண்டன் வாட்டர்லூவிலிருந்து டார்செஸ்டர் சவுத் வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், கிராமப்புற பஸ்ஸை நம்பிப் போய் நிற்கக் கூடாது. டார்செஸ்டரில் இறங்கினதும் விசாரணை நடந்த பழைய நீதிமன்றத்தைப் பார்த்துவிடுங்கள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கலாம்.

ஊரில் 1934இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கட்டிய ஆறு நினைவு வீடுகள், அவற்றோடு ஒட்டி அருங்காட்சியகம். ஊர்ப் புல்வெளியில் ஒரு பெரிய சிகமோர் மரம், அதன் அடியில்தான் லவ்லெஸும் மற்றவர்களும் கூடிப் பேசினார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மரத்தின் வயதைக் கணித்தவர்கள் 1680களில் முளைத்தது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே 1833இல் அங்கே நின்றது மட்டும் உறுதி. ஜூலை மாதத்தில் தொழிற்சங்கத் திருவிழா நடக்கும், அப்போது ஆயிரக்கணக்கில் கொடிகளோடு வந்து இறங்குவார்கள். அமைதியாக ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். எனக்கென்னவோ கூட்டத்தோடு பார்ப்பதுதான் சரி என்று படுகிறது.

வேறு ஆங்கில கிராமத்தின் பெயர்க் காரணத்தைத் தேட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

இன்றைய எழுத்தை மறந்துவிட்டு, கிடைக்கிற மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். டூம்ஸ்டே பதிவேட்டை இணையத்தில் ஊர் வாரியாக இலவசமாகத் தேடலாம். ஆனால் அதை எழுதியவர்கள் ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத குமாஸ்தாக்கள், படில்டவுனையே "பிட்ரெடோனெ" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே வடிவத்தோடு நிறுத்தாமல் 13, 14ஆம் நூற்றாண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கில இடப்பெயர் ஆய்வுக் கழகம் 1923இலிருந்து மாவட்டம் மாவட்டமாக இந்த வேலையைச் செய்து தொகுதிகள் வெளியிட்டு வருகிறது. நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்த் தேடல் பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் சுருக்கமான விளக்கம் உடனே வரும். பப்பில் யாராவது ராஜா ராணி கதை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சுவாரசியமாக இருக்கும், ஆனால் அந்தக் கதையில் வரும் ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.